குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்: இல்லை

ஆட்டத்துக்கு முன்னூறு.
ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆட்டம் கிடைத்தால்
சிலிண்டர் வந்துவிடும்.
தூக்கிவந்து இறக்குபவருக்குத் தரும் முப்பது மட்டும்
கைக்காசு.

மற்ற ஆறு நாளும்
பர்கூர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன்.
அங்கே யாரும் ஓடச் சொல்வதில்லை
உட்காரவும் சொல்வதில்லை.

காவேரிப்பட்டணத்து மைதானத்தில்
பையன்கள் என்னை சார் என்கிறார்கள்.
ஒருவன் மட்டும் பாதி மூச்சில் திருத்திக்கொண்டான்:
"சார்... மேடம்... ஆஃப்சைடு!"
யாராக இருந்தாலும்
அது ஆஃப்சைடு இல்லை.

இரண்டாவது ஆட்டம்.
முடிய மூன்று நிமிடம்.
ஊத்தங்கரையின் ஏழாம் எண், திம்மராஜ்,
கடன் வாங்கிய பூட்ஸ்,
முன்பக்கம் பஞ்சு அடைத்தது
(காலையில் சோதித்தபோது பார்த்தேன், விட்டுவிட்டேன்)
இடது ஓரத்திலிருந்து அடித்தான்.

பந்து கம்பத்துக்குப் பின்னால்
சீமைக்கருவேல முள்ளில் கிடந்தது.
எந்த வழியாகப் போனது?
பதினைந்து அடி தூரத்தில் நான்.
நடுவில் செம்மண் புழுதி.
கோட்டோரம் கொடியோடு நிறுத்திய பிளஸ் ஒன் பையன்
வேலிக்கு அப்பால்
மாங்கூழ் லாரி பின்னால் வருவதை
வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

விசில் முந்திக்கொண்டது.
கை, கோல் கிக் என்று காட்டியது.
நான் அதற்கப்புறம்தான் போய்ச் சேர்ந்தேன்.

கத்தினார்கள். ஒருவன் மண்ணை உதைத்தான்.
திம்மராஜ் கத்தவில்லை.
குனிந்து பூட்ஸைக் கழற்றி
பஞ்சைச் சரிசெய்துகொண்டான்.

எல்லோரும் பொட்டலச் சாப்பாட்டுக்குப் போன பிறகு
வலைப்பக்கம் போனேன்.
இடது ஓரத்தில் ஒரு கிழிசல்.
கைவிட்டுப் பார்த்தேன், தோள்வரை போனது.
நூல் முனைகள்
வெளிப்பக்கம் பார்த்துக் கிடந்தன.
காற்றும் அந்தப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

வலது ஷூவின் கயிற்றை உருவி
கிழிசலை இழுத்து முடிந்தேன்.
மூன்றாம் ஆட்டம் முழுக்க
ஒரு கால் என்னோடு ஓடியது
இன்னொன்று ஷூவோடு.

மாலை, கோவிந்தப்பா சார் வவுச்சரை நீட்டினார்.
தி. அம்சவேணி, நடுவர், ஆட்டம் 3, ரூ. 900.
ரெவின்யூ ஸ்டாம்பின் மேல்
பாதி உள்ளே, பாதி வெளியே படுமாறு
கையெழுத்துப் போட வேண்டும்.
போட்டேன்.
சாப்பாட்டுக்கு அறுபது பிடித்தார்.
நான் சாப்பிடவில்லை என்று சொல்லலாம்தான்.
சொல்லவில்லை.

அடுத்த தாளில்
"குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்" என்று ஒரு கட்டம்.
பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது.
இல்லை, என்று எழுதினேன்.
அவசரத்தில் லை-யின் சுழி சரியாக விழாமல்
இலை போல இருந்தது.

டவுன் பஸ்ஸை நோக்கி ஓடினேன்.
படியருகே வந்த நேரம்
கண்டக்டர் விசில் கொடுத்தார்.
சட்டென்று
நின்றுவிட்டேன்.
பஸ் போய்விட்டது.

மைதானத்துச் சுவரோரம்
ஊத்தங்கரைப் பையன்கள்
அவர்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.
இருக்கும் ஒரே நிழல் அது.
கயிறில்லாத ஷூவை இழுத்துக்கொண்டு
நானும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.