சதுரம் பதினேழு

நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.
மூன்று முறை கம்பி ஒட்டிப் பார்த்த பிறகு
"இதயம் நன்றாகத்தான் இருக்கிறது,
அதை வைத்திருக்கும் ஆள்தான் சரியில்லை."
மாத்திரை எழுதவில்லை.
பலதுறை மருந்தகத்தின் சின்னத் தாளில்
ஒரு தொலைபேசி எண், ஒரு பெயர்:
ரொஹாயா, கடற்புல் குழு.

இருபத்திரண்டு ஆண்டுகளாய்த் தணிக்கை வேலை.
பிறர் கணக்கில் காணாமல்போனதைக்
கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இரவு மூன்று மணிக்கு விழித்து
வீட்டுக்கூரையில் எண்களைக் கூட்டுகிறவன்
கடற்கரைக்கு வந்து என்ன செய்வான்
என்று கேட்டேன் தொலைபேசியில்.
"எண்ணப் புல் தருகிறோம், வாருங்கள்."

சாங்கி. விடியாத நாலே முக்கால்.
கடல் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு
வெகுதூரம் போயிருந்தது.
"காலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள்,
திருக்கை படுத்திருக்கும்" என்றான் வெய் சியோங்,
பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
சக்கரம் நீட்டி இறங்கும் விமானங்கள்.
அவற்றின் வயிற்றுக்குக் கீழே
பதினொரு நெற்றிவிளக்குகள்,
அதில் ஒன்று எனது, பேட்டரி குறைந்தது.

அரை மீட்டருக்கு அரை மீட்டர்,
வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்ச் சதுரம்.
சேற்றில் அதைக் கிடத்தி
உள்ளே எத்தனை விழுக்காடு பச்சை
என்று சொல்ல வேண்டும்.
நகத்தளவு இலைகள், கரண்டி கரண்டியாய்.
முப்பத்தேழு என்றேன்.
ரொஹாயா சிரித்தார்:
"ஐந்தைந்தாகச் சொன்னால் போதும்.
புல்லுக்குச் சில்லறை கிடையாது."

ஒன்பதாம் சதுரத்தில் முதுகு பிடித்தது.
பதின்மூன்றில் ஒரு நண்டு
என் பென்சிலைத் தனதாக்கப் பார்த்தது.
அடுத்த கயிற்றில் தில்லைக்கரசி,
இரவு வார்டிலிருந்து நேராக வந்த தாதி,
யாரோடும் பேசவில்லை.
யாரும் பேசவைக்கவும் இல்லை.
என்ன நோய், எதற்கு வந்தாய்
என்று ஒருவரும் ஒருவரையும் கேட்காத
முதல் கூட்டம் இதுதான் எனக்கு.

பதினேழு.
சென்ற முறை நாற்பது என்றிருந்த தாளில்
இப்போது ஐந்துகூடத் தேறவில்லை.
ஒரு சாண் அகலத்தில் வழித்தெடுத்த சேறு,
வேரோடு போயிருந்தது புல்.
"பற்றாக்குறை" என்றேன்,
அலுவலகக் குரல் தானாக வந்துவிட்டது.
"யார் எடுத்தது?"

சேற்றில் ஓட முடியாது. ஆனாலும் ஓடிவந்தார்கள்.
முட்டியிட்ட ரொஹாயாவின் விளக்கு
சதுரத்தைத் தாண்டி நகர்ந்தது.
அந்தக் கோடு வளைந்து வளைந்து
தண்ணீர்வரை போனது.
"டுயோங்" என்றார், குரலே இல்லாமல்.
"ஹாய் நியூ" என்றான் வெய் சியோங்.
"ஆவுளியா" என்றாள் தில்லைக்கரசி,
அன்று அவள் பேசிய முதல் சொல்.
"ராத்திரி வந்து மேஞ்சிட்டுப் போயிருக்கு."
மூன்று மொழியில் அதற்குப் பெயர் இருந்தது.
அதுதான் இல்லை.
நான்கு ஆண்டுகளாக வருகிற ரொஹாயாவும்
பார்த்தது இந்தத் தடத்தைத்தான்.

யாரோ கைதட்டினார்கள்.
சேற்றுக்கை, சத்தம் மழுங்கலாக வந்தது.
குறைந்த கணக்குக்குக் கைதட்டல்!
இருபத்திரண்டு ஆண்டுகளில் கேட்டதில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
என்ன எழுதுவது என்றேன்.
"தின்னப்பட்டது என்று எழுதுங்கள்" என்றார்.
எழுதினேன். கீழே கையொப்பமும் போட்டேன்,
அதை யாரும் கேட்கவில்லை.

பிறகு வெயில் வந்தது, நீர் திரும்பியது.
சாங்கி வில்லேஜில் நாசி லெமாக்
ஆளுக்கொன்று, எனக்கு இரண்டு.

குணமானதா என்று கேட்காதீர்கள்.
அடுத்த வாரமும் மூன்று மணிக்கு
விழிப்பு வந்தது, வழக்கம்போல்.
கூரையைப் பார்க்காமல்
ஓத அட்டவணையைப் பார்த்தேன்.
நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரம்.
இருட்டில் ஏதோ ஒரு பெரிய வாய்
நாங்கள் எண்ணிவைத்ததை
ஐந்தைந்தாகக் குறைத்துக்கொண்டிருக்கும்.
தின்னட்டும் என்று
புரண்டு படுத்தேன்.