சான்றிதழ் இல்லாத நாலு மணித்தியாலம்

படிவத்தில் ஒரு கட்டம்:
தொழில்சார் வளர்ச்சி, கடந்த ஆண்டு எத்தனை மணி நேரம்?
சான்றிதழ் இணைக்கவும்.
பேனையைத் திறந்து
வெகுநேரமாய் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பேர்னில் வருடாவருடம் பயிலரங்கு.
இம்முறையும் பட்டியலில் ரெனேயின் பெயர்.
நான் அரைநாள் நூலகி.
அரைநாள்காரிக்கு வளர்ச்சியும் அரைவாசி போதும்போல.

என் வகுப்பறை பீல் நகரத்துப் பேருந்து.
ஒரு கையில் கம்பி, மறு கையில் கைபேசி.
பெருவிரல் தள்ளத் தள்ள
லியோனில் ஒருத்தி
முந்நூறு பார்கோடுகளைத் தலைகீழாய் ஒட்டிவிட்டுச் சிரிக்கிறாள்.
லைப்சிக்கில் ஒருவருக்குத் தமிழ்ப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது,
'ழ' எங்கே வரும் என்கிறார்.
'வ'வுக்குப் பின், 'ள'வுக்கு முன், என்று எழுதினேன்.
பதினேழு பேர் கைதட்டினார்கள்.
இடையே பூனை, இடையே விளம்பரம்,
"மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்" என்று தொடங்கும் பதவி உயர்வுகள்.
அவற்றை மட்டும் கொஞ்சம் வேகமாய்த் தள்ளுவேன்.

"எந்நேரமும் போனும் கையும்" என்பார் சூர்புகென் அம்மா,
மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து.

மாசி மாதச் சனி, இரவு பத்தரை.
நிலவறைக் குழாய் வெடித்தது.
கணுக்கால் தண்ணீரில்
கடிகாரத் தொழிலாளர் சங்கத்துக் கணக்கேடுகள் நாற்பத்து மூன்று
தேநீரில் ஊறிய பாண் மாதிரி உப்பிக் கிடந்தன.
சூர்புகென் அம்மா பனிச்சறுக்கில். அழைப்பு எடுக்கவில்லை.
தீயணைப்புக்காரர் தண்ணீரை இறைத்தார்கள்,
ஏடுகளைப் பார்த்துத் தோள் குலுக்கினார்கள்.

படம் எடுத்துப் போட்டேன்.
கீழே ஒரே வரி: இனி என்ன?

நாலாவது நிமிடம், டண்டீயிலிருந்து,
முகம் இருக்கவேண்டிய வட்டத்தில்
கலங்கரை விளக்கம் வைத்த யாரோ:
திறக்காதே. விரிக்காதே.
தலைமுடி உலர்த்தியைத் தொடவே தொடாதே.
மெழுகுத்தாளில் சுற்று. உறையவிடு.
காகிதத்துக்கு அவகாசம் வேண்டும், உனக்கும்.

உறையவிடவா, எங்கே?

தவயோகம் அண்ணையின் கடைக்குப் பின்னால்
ஆள் படுக்கலாம்போல ஒரு உறைபெட்டி.
சாரத்துக்கு மேல் குளிரங்கி மாட்டிக்கொண்டு வந்தார்.
பாரை மீனை இடப்பக்கம் ஒதுக்கினார்,
முருங்கைக்காய்ப் பொதிகளைத் தூக்கி வெளியே வைத்தார்.
"ஆற்றை கணக்குப் பிள்ளை இது?"
"மணிக்கூடு செய்த ஆக்களின்ரை."
"அப்ப நல்லது, நேரம் கொஞ்சம் நிக்கட்டும்."
மூடியைச் சாத்தினார்.

இரண்டரை வரை கலங்கரை விளக்கம் அணையவில்லை.
பொதிக்குப் பொதி எண் எழுது என்றது,
பென்சிலால் என்றது, மையால் அல்ல.
கடைசியில், போய்த் தூங்கு என்றது.
பெயர் கேட்க மறந்துபோனேன்.

ஏடுகள் சூரிச் போய், உலர்ந்து, திரும்பிவிட்டன.
இரண்டின் மை ஓடிப்போய்விட்டது, அவை போனவைதான்.
மற்றவற்றில் ஏதோ வாடை என்கிறார் சூர்புகென் அம்மா.
போனைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

கட்டத்தில் எழுதுகிறேன்:
சனி இரவு, நாலு மணித்தியாலம்.
பயிற்றுநர்: கலங்கரை விளக்கம், டண்டீ.
சான்றிதழ்:
ஏழாம் இலக்க ஏட்டை மணந்து பார்க்கவும்.