விரலி

இரவு இரண்டு இருபது. பெருந்துறை ரோட்டில்
கரும்பு லாரி ஒன்று கியர் மாற்றுகிறது.
சுழலும் இயந்திரம் நின்றதும் மூடியைத் திறக்கிறேன்.
சிவப்பெல்லாம் அடியில் ஒடுங்கிக் கிடக்க
மேலே நிற்கிறது
தெளிந்த மஞ்சள்.

சென்னியப்பன், ஐம்பத்தேழு, ஆண்.
ஈரோட்டு மஞ்சள் மண்டியில் முப்பது வருசம்.
ஐந்து நாள் முன்பு ஆம்புலன்ஸில் வந்த ராத்திரியே
குழாயில் ஒட்டிய பேரைப் பார்த்து என் கை நின்றது.
இந்தப் பேரை நான் ஏற்கெனவே அடித்திருக்கிறேன்.

தீபாவளித் தள்ளுபடியில் முழு உடல் பரிசோதனை,
சம்சாரத்துக்கும் சேர்த்து.
சி.ஆர்.பி. ஒன்பது புள்ளி நான்கு.
அளவு தாண்டினால் கம்ப்யூட்டரே
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும்.
போட்டது. கீழே கையெழுத்து வைத்தேன்.
அன்றைக்கு நூற்றுப் பதினோரு குழாய்கள்,
நாற்பதுக்கு மேல் நட்சத்திரங்கள்.
வானம் பார்க்கிற நேரமா அது.

மாடியில் எடுத்த படத்தில்
இடப்பக்க நடுமூளைத் தமனி
கிளை பிரிவதற்குச் சற்று முன்னால்
எறும்பின் இடுப்பாக இறுகியிருக்கிறது.
சுவருக்குள் படிந்த கொழுப்பு
வெளியே புகை காட்டாமல்
எத்தனை வருசம் கனன்றதோ.

"அந்த ஒன்பது புள்ளி நாலு அப்பவே சொல்லுச்சுங்களா சார்?"
டாக்டர் இளம்பரிதி பன்னைப் பிய்த்தபடி சொன்னார்:
"ஈறு வீங்கினாலும் ஏறும், மூட்டு வீங்கினாலும் ஏறும்.
எரியுதுன்னு சொல்லும். எந்த வீடுன்னு சொல்லாது."
டீ ஆறிய பிறகு, தனக்கே சொல்வதுபோல்,
"ஒடுக்கம் இருக்கறவங்களுக்கு அது இறங்கலைன்னா
மறுபடி வந்துருமோன்னு பயந்துட்டுதான் இருப்போம்."

கவுன்டரில் அந்தம்மா கேட்டார்:
"ஏனுங் கண்ணு, தெனமும் மஞ்சப்பால் குடிச்சவருங்க.
மஞ்சத் தூளுலயே மூச்சு விட்டவருங்க.
அவரு ரத்தத்துல எப்படீங் இந்த வேக்காடு?"
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இன்னொன்றும் சொன்னார்:
போன மாசம் ஒருநாள் காப்பி டம்ளர் நழுவியதாம்.
பத்து நிமிசம் கை மரத்துக் கிடந்ததாம்.
படுத்த வாக்கு என்று உதறிவிட்டு
ஏலத்துக்குப் போய்விட்டாராம்.

மூட்டையில் கைவிட்டு ஒரு விரலியை எடுத்து ஒடிப்பாராம்.
ஒடிகிற சத்தத்திலேயே
ஈரம் இத்தனை என்று சொல்லிவிடுவாராம்.
இப்போது போர்வை மேல் அவருடைய வலது கை.
ஐந்து விரலிகள்.
ஒடிவதும் இல்லை, மடங்குவதும் இல்லை.

நேற்று பேச்சுப் பயிற்சிக்கு வந்த ஷர்மிளா
ஒரு மஞ்சள் துண்டைக் காட்டினாள்.
"இதென்னங்கய்யா?"
உதடு ஒருபக்கம் இழுத்தது. வெகுநேரம் கழித்து,
"பதிமூவாயிரத்து இருநூறு."
சாவியைக் காட்டினாள்.
"பதினோராயிரத்து எண்ணூறு."
வார்த்தைகள் எல்லாம் அடைபட்ட இடத்துக்கு அந்தப்புறம்.
விலைகள் மட்டும் எந்தச் சந்து வழியாகவோ வருகின்றன.
கடைசியாக அந்தம்மாவைக் காட்டி,
"இவங்க யாருங்கய்யா?"
பார்த்தார்.
மாதிரிக்கு வைத்த மூட்டையைப் பார்ப்பதுபோல் அல்ல.
"பதினாறாயிரத்து ஐநூறு."
முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு
அந்தம்மா சிரித்தார்:
"இந்த வருசம் அந்த வெல எங்கீங் போச்சு."

அச்சு இயந்திரம் முனகுகிறது.
பதினான்கு புள்ளி ஒன்று. நட்சத்திரம்.
இறங்கவில்லை.
மாடிக்குப் போன் போட்டு எண்ணை வாயால் சொல்கிறேன்.
"பார்த்துட்டேன்மா. எதிர்பார்த்ததுதான்" என்கிறது தூக்கக் குரல்.

அடுத்த குழாய்.
மொடக்குறிச்சி, பெண், முப்பத்தாறு,
முழு உடல் பரிசோதனை.
ஏழு புள்ளி ஒன்று.
சளியாக இருக்கும். பல்லாக இருக்கும்.
கீழே ஒரு செல் நம்பர்.
அதை உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன்.
விடியட்டும்.