கடைமடைக்கு முதல் முறை

மேட்டூரில் மதகு தூக்கியாயிற்று என்று
செய்தியில் சொன்ன அன்று
எங்களுக்குக் கரும்பலகைகூட வந்து சேரவில்லை.
தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள்.
புது ஆற்றில் எங்கள் பாலத்தடிக்கு வர இன்னும் ஒரு நாள்.
அதற்குள் திறந்துவிடுவோம் என்று
யாரிடமோ பந்தயம் கட்டியவள் போலச் சொல்லித் திரிந்தேன்.

இடம், தஞ்சாவூர் மாநகராட்சியின் பழைய லாரிக் கொட்டகை.
குப்பை லாரிகள் நின்று நின்று
தரையில் எண்ணெய் வரைந்த கண்டங்கள்.
பினாயில் ஊற்றித் தேய்த்தும் ஆசியா போகவில்லை.
"இருக்கட்டும் மேடம், புவியியல்" என்றார்
உதவிப் பொறியாளர் வேதநாயகம்.
பதினொரு மேசை ஏறி இறங்கிய கோப்பில்
எல்லா மேசையும் கேட்டது ஒன்றைத்தான்:
இருக்கிற பள்ளிக்கூடங்களே காலியாகக் கிடக்க
இன்னொன்று எதற்கு?

நியாயமான கேள்வி.
கீழவாசலுக்குப் பின்னால் நான்கு தெருப் பிள்ளைகள்
ஏழாம் வகுப்போடு நின்று
மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிறார்கள் என்பதைக்
கோப்பின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முதல் பெற்றோர் கூட்டத்துக்கு ஒன்பது பேர்.
புதுமை, செயல்வழி, தேடல் என்று
பயிற்சியில் கேட்டதையெல்லாம் இறக்கிவைத்தேன்.
மின்விசிறி மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தது.
கடைசியில் காத்தையன் எழுந்தார்.
பொதுப்பணித்துறை லஸ்கர், காக்கியில் சேறு.
"ஆத்துல எப்பவும் தலைமடைக்காரன் வயல்தான் முதல்ல ரொம்பும்.
கடைமடைக்கு வர்றப்ப முறை முடிஞ்சிரும்.
பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தானே டீச்சர்?
நான் கடைசி பெஞ்சு."
உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரவு கால அட்டவணையைக் கிழித்தேன்.
மணி இல்லை. பெஞ்சே இல்லை.
காலையில் ஒரு கேள்வி, ஒருவருடைய முறை.
யார் வாயே திறப்பதில்லையோ அவர்களுக்கு முதல் முறை.
கணக்கும் தமிழும் அறிவியலும்
அந்தக் கேள்வியின் பின்னால் வரட்டும்,
வந்தால்.

நாலு தடவை முறை வந்தும் ஜெரின் பேசவில்லை.
ஐந்தாவது தடவை,
புரட்டாசி மழைக்கு மறுநாள், கேட்டான்:
"மழ பேஞ்சா எங்க தெருவுல மட்டும் ஏன் சாக்கடை ஏறுது?"

ஐப்பசி முழுக்க அந்த ஒரு கேள்விதான்.
நூல் பிடித்துச் சரிவு அளந்தார்கள்.
மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றிவிட்டு
எங்கே மஞ்சளாக வெளிவருகிறது என்று
குடையோடு நின்றார்கள்.
உள்ளே யாரும் இறங்கக் கூடாது,
என் விதி அது ஒன்றுதான்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
அவர்கள் வீடுகளில் அது தெரியும்.

மூன்று தெரு கடந்து வந்த மஞ்சள்
ஒரு கல்யாண மண்டபத்தின் அடியில் போனது.
மறுபக்கம், அகழியில், வரவே இல்லை.

மண்டபம்,
எங்கள் பள்ளிக்குத் தீர்மானம் முன்மொழிந்த
மாமன்ற உறுப்பினருடையது.
திறப்பு விழாவில் பேசினார்:
கேள்வி கேட்கும் தலைமுறை வேண்டும்.
நல்ல பேச்சு. நானும் கை தட்டினேன்.

இப்போது மேசைமேல் ஒரு தாள்.
பாடத்திட்டத்தில் இல்லாத களப்பணி குறித்து
மூன்று நாட்களுக்குள் விளக்கம் தருக.
எழுதிவிட்டேன்:
மஞ்சள்தூள் நானூறு கிராம், சொந்தச் செலவு.
மீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் சரிவு என்பது இணைப்பில்.
கணக்கைச் சரிபார்த்தவர் பரக்கத் நிஷா, எட்டாம் வகுப்பு.

சாக்கடை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.
அடுத்த ஜூனில் நாங்கள் இருப்போமா, தெரியாது.

இன்று காத்தையன் மகள் முறை.
எழுந்து நிற்கிறாள். கேள்வி வரவில்லை.
கால் கட்டைவிரலால்
ஆசியாவின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.
மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நிற்பவர்கள் போல
முப்பத்தெட்டுப் பேரும்
காத்திருக்கிறோம்.