கால்நடை

மூன்று நாள், காலை ஆறு முதல் இரவு எட்டு வரை,
விரகனூர் தாண்டி ரிங் ரோட்டு ஓரம்
நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.
நாளுக்கு அறுநூறு. சாப்பாடு நம்மளது.
கையில் எண்ணும் கருவி:
அமுக்கினால் ஒன்று கூடும்,
தப்பாய் அமுக்கினால் குறைக்க வழியில்லை.

படிவத்தில் கட்டங்கள்:
இருசக்கரம், ஆட்டோ, கார், வேன்,
பஸ், லாரி, பல அச்சு லாரி, டிராக்டர்.
ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது
'மற்றவை'.

முதல் நாள் ஏழேகாலுக்குப் பவுன்தாய் வந்தாள்,
இடுப்பில் மாவு வாளி.
தடுப்புக் கம்பி ஒன்றை யாரோ எப்போதோ வளைத்திருந்தார்கள்.
ஆள் உரசி உரசி
அந்த வளைவு மட்டும் பளபளவென்று இருந்தது.
அதில் நுழைந்து, மீடியனில் ஏறி,
தூத்துக்குடிக் கன்டெய்னர் மூன்று போகட்டும் என்று
அரளிப் பூவுக்கு நடுவே நின்றாள்.
அவளை எந்தக் கட்டத்தில் போடுவது?

துரைசிங்கம் சார் போனில் சொன்னார்:
"சக்கரம் இருந்தா எண்ணு தம்பி.
இல்லைன்னா விட்டுரு."

ரோடு வருமுன் இது ஒரே ஊர்.
ரேஷன் கடை ஒரு பக்கம் விழுந்துவிட்டது,
பள்ளிக்கூடம் மறு பக்கம்.
வண்டி திரும்ப ரெண்டேகால் கிலோமீட்டர் போகவேண்டும்.
கால் திரும்ப இடமே கிடையாது.
அங்கிட்டு இருக்கிறவர்களுக்கு இது அங்கிட்டு,
இங்கிட்டு இருக்கிறவர்களுக்கு அது அங்கிட்டு.
இங்கிட்டு என்று யாருமே
ரோட்டைத் தாண்டிக் கை காட்டுவதில்லை.

ஜெய்லானி கடை டீயோடு கேட்டேன்,
அரளிக் கிளையில் தொங்குகிற
அந்த ஒற்றைச் செருப்பு யாருடையது என்று.
சர்க்கரை போதுமா என்றார்.

அன்று மத்தியானம் முதல் அமுக்கினேன்.
தூக்குவாளிக்கு ஒன்று.
புத்தகப் பைக்கு ஒன்று.
குழந்தையை இடுக்கிக்கொண்டு ஓடியவளுக்கு இரண்டு.
பாதி தூரம் வந்து
பயந்து திரும்பிப் போனவருக்கும் ஒன்று.
மூன்றாம் நாள் இரவு கூட்டிப் பார்த்து
'மற்றவை' கட்டத்தில் 2316 என்று போட்டேன்.
எதிரே, குறிப்பு என்ற இடத்தில்,
நல்ல தமிழில் எழுதினேன்:
கால்நடை.

அது ஆபீசுக்குப் போயிற்று.
ஆபீசில் இங்கிலீஷுக்குப் போயிற்று.
இங்கிலீஷில் அதற்கு
நாலு கால் முளைத்துவிட்டது.

பத்து நாள் கழித்து ஒரு என்ஜினியர் கூப்பிட்டார்,
குரல் இளசு, ஊர் புதுசு.
"ரெண்டாயிரத்து முன்னூறு கால்நடையா?
அந்தப் பக்கம் தொழுவமா இருக்கு?"
சொல்லியிருக்கலாம்.
பவுன்தாய் மூன்று தடவை எழுதிக்கொடுத்த கடிதத்தை
ஜெய்லானி கடையில் எனக்குக் காட்டியிருந்தாள்.
மூன்றிலும் சீல் இருந்தது, பதில் இல்லை.
மனுசனுக்கு மனு,
மாட்டுக்கு விதி.
"ஆமா சார்," என்றேன்,
"ரெண்டு பக்கமும் இருக்கு."

சாலையை அகலப்படுத்தியபோது
அடியில் ஒரு பொந்து விட்டார்கள்.
கான்கிரீட் சதுரம். மேலே மஞ்சள் பலகை:
கால்நடைகளுக்கு மட்டும்.

போன மாசம் அந்தப் பக்கம் போனேன்.
மழைத்தண்ணி கணுக்காலுக்கு நிற்கிறது,
லைட் ரெண்டில் ஒன்று எரியவில்லை,
சுவரில் சாமியானா வாடகை நம்பர்.
லாரி மேலே போகும்போதெல்லாம்
கூரை லேசாய் முனகுகிறது.
சீருடைப் பிள்ளைகள்
பலகையைத் தாண்டும்போது
ம்மா என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள்.

பவுன்தாய் வாளியோடு நடுவில் வந்தாள்.
என்னை அடையாளம் தெரியவில்லை.
எதிரே, நிசமாகவே, ஒரு எருமை.
இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள்.
பிறகு அவள் சுவரோரம் ஒதுங்கி,
"நீ போம்மா," என்றாள்,
"உன் பேருல தானே பட்டா."