வில்லங்கம்

வேர்க்கிளம்பி பதினெட்டரை சென்டுக்கு
முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று.
ஒன்றுமில்லை, சுத்தம் என்றார் தக்கலைப் பத்திர எழுத்தர்.
மூலப் பத்திரம் மட்டும் மலையாளத்தில் இருக்கிறது,
யாரையாவது வைத்து வாசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மலையாளம் வாசிப்பது
பாறசாலையிலிருந்து வந்த அண்ணி மட்டும்.
காந்தாரி மிளகு சதைத்த கையை
நைட்டியில் துடைத்துவிட்டு
தாளை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
சங்கு முத்திரை. பூச்சி தின்ற விளிம்பு.
கொல்லம் ஆயிரத்து நூற்றொன்பது, மீனம் பதினொன்று.
கடைசியில் பூட்டன் ஞானாபரணத்தின் பெருவிரல்,
சிறகு உதிர்த்த ஈசலைப்போல.

கிழக்கே ஓடை, மேற்கே ரோடு.
ஆண்மக்கள் மூன்று பேருக்கும் மூன்று பங்கு.
இரண்டு அயனியும் ஒரு கூழன் பிலாவும் பொது.
பெண்மக்களுக்குக் கல்யாணச் செலவோடு சரி,
இந்த வஸ்துவில் இனி அவர்களுக்குப் பேச்சில்லை.

(அப்பா அந்த வழக்கத்தை உடைத்து
எனக்கும் சரிபாதி எழுதியதால்தான்
நான் இந்த நாற்காலியில் இருக்கிறேன்.)

பிறகு ஒரு வரியில் அண்ணி நின்றாள்.
உதட்டை அசைத்து இரண்டு தரம் தனக்குள் வாசித்தாள்.
"தெக்கேயுள்ள கிணற்றை ஒருவரும் பூட்டக் கூடாது.
எந்தச் சாதிக்காரர் எந்நேரம் வந்தாலும்
கயிறும் பாளையும் கரையில் கிடக்க வேண்டும்.
வஸ்து கை மாறினாலும்
இது மாறாது."

அண்ணன் சிரித்தான். "பூட்டன் பேச்சப் பாரு, பூட்டாதேயாம்."
அப்புறம் கணக்குப் போட்டான்.
வாங்க வருகிறவர் அபுதாபிக்காரர். மதில் கட்டுவார்,
கேமரா வைப்பார், நாய்க்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றாம்.
"இது வெளிய தெரியாண்டாம் பிள்ளே.
யாரு இப்பம் கெணத்துல வெள்ளங் கோருதா?"

உண்மைதான். யாருமில்லை.
ரோட்டுக்கு அந்தப்புறம் செங்கல் சூளையில் தங்கும்
ஒடிசாப் பையன்கள் நாலு பேரைத் தவிர.
அந்தியில் பெயின்ட் வாளியில் கோரிக் குளிப்பார்கள்,
போனில் பாட்டு அலற.
போன பங்குனியில் நான்தான் அவர்களை விரட்டினேன்.
தண்ணீர் கெட்டுப்போகும் என்று சொன்னதாக ஞாபகம்.
சோப்புத் தலையோடு கயிற்றைச் சுருட்டிக்
கரையில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார்கள்.

பூட்டன் நல்லவர் என்பதற்கு என்னிடம் சாட்சியில்லை.
கள்ளுக்கடையில் பாக்கி இருந்தது.
பூதப்பாண்டியில் இன்னொரு அடுப்பு எரிந்தது என்பார்கள்.
மகள்களை இரண்டே வரியில் முடித்தவர்
கிணற்றுக்கு ஏன் அவ்வளவு மை செலவழித்தார்?
எந்தக் கரையில், எட்ட நின்று,
யாராவது ஊற்றட்டும் என்று எவ்வளவு நேரம்
கையைக் குவித்து நின்றாரோ.
அதை எழுதவைக்கவில்லை.
நாங்கள் வாசிக்காத எழுத்தில்,
தானும் வாசிக்க அறியாத எழுத்தில்,
காசு கொடுத்து இதை எழுதவைத்து
விரலை மையில் முக்கியிருக்கிறார்.

"இதைச் சேர்த்தால் வில்லங்கம் ஆகிவிடும் அம்மா,
விலை இறங்கும்" என்றார் எழுத்தர்.
எவ்வளவு?
"சென்டுக்குப் பத்தாயிரமாவது."
பதினெட்டரையைப் பத்தாயிரத்தால் பெருக்கினேன்.
மகளின் நர்சிங் ஃபீஸ், ஒரு வருடத்துக்கு.
அவள் பக்கத்தில் இருந்து
போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவளைக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

பெண்மக்கள் வரி செத்துப்போயிற்று, போகட்டும்.
கிணற்று வரியை மட்டும் தமிழில் அடியுங்கள் என்றேன்.
அண்ணன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

எழுத்தர் தட்டச்சைப் பாதியில் நிறுத்தினார்.
"எந்தச் சாதிக்காரர் என்று
இந்தக் காலத்தில் எப்படிப் போடுவது?"

எந்த ஊர்க்காரர் என்று போடுங்கள்.
பாளை வேண்டாம், வாளி.

ஜன்னலுக்கு வெளியே பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம்.
போகவில்லை.
நின்ற இடத்திலேயே
உறுமிக்கொண்டிருந்தது.