ஆறாவது தட்டு

ஈயம் என்று பேர் வைத்தபோது
நாலு பேருக்கும் இருபது வயசு.
காட்பாடி ரயில்வே குவார்ட்டர்ஸ்,
தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒத்திகை.
காய்ச்சிக் காதில் ஊற்றுகிறார்கள் என்று
பக்கத்து வீட்டு கார்டு புகார் எழுத,
அந்தப் புகாரையே முதல் தட்டுக்கு அட்டையாக்கினார்கள்.
இன்றைக்கும் ஊர் கும்பிடுவது அதைத்தான்.

நானும் கும்பிட்டவன்.
ஆறாவது வந்தபோது
பதினாறு பக்க ஜெராக்ஸ் பத்திரிகை ஒன்றில்
மூன்றே வரி எழுதினேன்:
முனிரத்தினத்துக்குத் தொண்டை போய்விட்டது.
டைட்டஸ் அடுத்த அடி அடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது.
ஈயம் உருகிவிட்டது.
மூன்றாவது வரிக்கு
நானே தொடையைத் தட்டிக்கொண்டேன்.

விற்றது நூற்றுப் பதினெட்டு.
மீதிப் பெட்டிகள் அஷ்ஃபாக்கின் மாமா குடோனில்,
வாணியம்பாடியில், ஆட்டுத்தோல் கட்டுகளுக்கு நடுவே.
என் பிரதியைத் திறந்தால் இன்னமும் அந்த வாடை.

அப்புறம் எனக்கு நாற்பத்தாறு ஆனது.
மேல்விஷாரத்தில் தோல் கம்பெனி, ராத்திரி ஷிஃப்ட்.
இரண்டு ஆள் உயர மர உருளைகள்
தோலும் சுண்ணாம்புத் தண்ணியுமாய்ச் சுற்றும்,
நிமிஷத்துக்கு மூன்று சுற்று, சில நாள் நாலு.
மேலே ஏறின தோலெல்லாம் மொத்தமாய் விழும்போது
தொப்.
பிறகு
ஒன்றுமில்லை.
நெற்றியில் வேர்வை இறங்கிப் புருவத்தில் நிற்கும் நேரம்.
பிறகு தொப்.

மே மாசத்து மூன்று மணிக்கு
ரெஜிஸ்டரில் எண் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.
இந்த இடைவெளி எனக்குத் தெரியும்.
இதன் மேல்தான் டீ ஆறியது.
டைட்டஸ் பகலில் எங்கே வேலை பார்த்தான் என்று
மூன்று வரி எழுதியவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

காலையில் சத்துவாச்சாரி வீட்டில்
சட்டையைக் கழற்றாமல் தட்டைப் போட்டேன்.
இரண்டாவது பாட்டு, பதினேழு நிமிஷம்.
முனிரத்தினம் அதில் உறுமவில்லை, பாடவும் இல்லை.
கணக்குப் பிள்ளை மாதிரி ஆழம் சொல்கிறான்:
அறுபது அடி.
நூற்றியிருபது அடி.
முந்நூற்று நாற்பது, கல்.
அறுநூறு, கல்.
ஒவ்வொரு அடிக்கும் குலோத்துங்கன்
பேஸ் தந்தியைக் கொஞ்சம் தளர்த்துகிறான்.
கடைசியில் அது சுரமே இல்லை,
மரத்தில் கயிறு உரசுகிற சத்தம்.
எண்ணூற்றுப் பத்து அடி.
புகை.
அவ்வளவுதான் பாட்டு.
பாலாற்றைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

நாலாவது பாட்டு இப்போதும் மட்டம்தான்.
அதை நான் வாபஸ் வாங்க மாட்டேன்.

டோல்கேட் உழவர் சந்தையில் ஒரு நாள்
முள்ளுக் கத்திரிக்காயைக் காம்பு பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தான்
குலோத்துங்கன்.
தலைமுடி முழுக்கப் போயிருந்தது.
நான்தான் அந்த மூணு வரி, என்றேன்.
எந்த மூணு வரி?
சொன்னேன். மூன்றையும். சந்தைக்கு நடுவே.
அட, இதெல்லாம் யாரு படிச்சாங்க, என்றான்.
முகத்தில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை.
அரைக் கிலோவுக்குக் காசு கொடுத்துவிட்டு
திரும்பிக் கேட்டான்:
ரெண்டாவது பாட்டுல தப்பு ஒண்ணு கீது.
கண்டுபுட்ச்சியா?

பதினொரு நாளாய்த் தேடுகிறேன்.
ஒன்பதாவது நிமிஷத்தில் தூரத்தில்
ஏதோ ரயில் கூவுவது போல இருக்கிறது.
அதுவாக இருக்காது.
டைட்டஸ் ஓர் இடத்தில் சற்றுப் பிந்துகிறான்.
அதுவும் இல்லை,
உருளையும் அப்படித்தான் பிந்தும், தோல் கனமான நாளில்.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
மறுபடி முள்ளை
முந்நூற்று நாற்பதில் வைக்கிறேன்.
கல்.